எதற்குக் கூடக் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்: தோட்டப் பட்டணத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் அப்பா எல்லாவற்றுக்கும் பேரம் பேசுவார். மீனுக்குப் பேசுவார், கைலிக்குப் பேசுவார், தீபாவளி ஆட்டுக்கறிக்கும் விடமாட்டார். ஆனால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடைக்குப் போய் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி வாங்கும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். தவுக்கே (கடை முதலாளி) சொன்ன விலையை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். தோட்டத்தில் கொடுத்த கத்தி இருக்கும்போதே, சொந்தக் காசில் இன்னொன்று. அதை எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பார். அதற்கென்று தனியாக ஒரு சாணைக்கல். நாங்கள் பென்சில் சீவத் தொட்டால் அடி விழும்.

கத்தி மழுங்கினால் பட்டை தடிப்பாக வரும். கை அழுத்தி ஆழமாகப் போய்விட்டால் மரத்துக்குக் காயம், அப்புறம் மண்டோரிடம் (கங்காணியிடம்) பேச்சு வாங்க வேண்டும். சம்பளம் வருவது அந்தக் கத்தி முனையில்தான் என்று அவருக்குத் தெரியும். மீனில் ஐம்பது காசு மிச்சம் பிடித்தவர், கத்தியில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கூடப் போனால் கண்டுகொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இப்போது நான் இருப்பது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில். தோட்டத்து லயத்து வீடு போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனால் கடைக்குப் போனால் அதே கேள்விதான்: இந்த எட்டு வெள்ளிச் சாமானா, அந்த அறுபது வெள்ளிச் சாமானா? ‘நல்லதா வாங்கு, ஒரு தடவை வாங்கு’ என்று சொல்வது சுலபம். எல்லாவற்றிலும் நல்லதை வாங்க யார் கையில் காசு இருக்கிறது? எதில் மட்டும் கூடப் போடுவது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். நான் பிரிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தொடங்குமுன் ஓர் அளவுகோல். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை 26 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 65 ரிங்கிட். உங்கள் சம்பளம் வேறாக இருந்தால் அதை 26-ஆல் வகுத்து, வந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்தச் சாமானைப் பார்த்தாலும் ‘இது எத்தனை நாள் வேலை?’ என்று கேட்டுக்கொள்ளலாம்.

படி 1: இரண்டாம் தடவை வாங்கியவற்றை எழுதுங்கள்

புதிதாக என்ன வாங்கலாம் என்று யோசிக்காதீர்கள். போன ஒரு வருஷத்தில் எதைத் திரும்பத் திரும்ப வாங்கினோம் என்று எழுதுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் இருக்கும்போது கேட்டால் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் இது: கைப்பேசி சார்ஜர் வயர் ஆறு, மழைக்கோட்டு ஐந்து, சிலிப்பர் நான்கு, குடை மூன்று, மாப்பு மூன்று, ஒட்டாத தோசைக்கல் இரண்டு.

எழுதிய பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘உடைந்தது’ அல்லது ‘தொலைந்தது’ என்று குறியுங்கள். இதை நான் முதலில் செய்யவில்லை. அதனால் நாற்பது வெள்ளி கொடுத்து நல்ல குடை ஒன்று வாங்கி, மூன்றாவது வாரமே பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் குடை உடைவதே இல்லை, தொலைகிறது. அதற்குப் பசார் மாலாம் (இரவுச் சந்தை) குடையே போதும். மழைக்கோட்டும் வயரும் தோசைக்கல்லும் உடைந்தவை, கிழிந்தவை, தேய்ந்தவை. கூடக் காசு போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டியது இவற்றில் மட்டும்தான்.

பட்டியலிலேயே இல்லாத சாமானைத் தொடாதீர்கள். பதினைந்து வருஷமாக ஓடும் சோற்றுப் பானையை, புது மாதிரி வந்திருக்கிறது என்பதற்காக மாற்ற வேண்டாம்.

படி 2: விலையை நாளால் வகுங்கள்

நான் தினமும் மோட்டாரில் ஈப்போவுக்குப் போய் வருகிறேன், ஒரு பக்கம் முப்பது கிலோமீட்டர் போல. சாயங்காலம் நாலரைக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வரும் மாதங்களில், மழைக்கோட்டு கிட்டத்தட்ட என் சீருடை. எட்டு வெள்ளிக் கோட்டு இரண்டு மாதத்தில் தொடை இடுக்கில் கிழியும். மோட்டாரில் காலைத் தூக்கிப் போடும் அந்த ஓர் அசைவைத்தான் அதன் தையல் தாங்காது. கிழியாத நாளிலும் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி, வீடு வந்து சேரும்போது சிலுவார் நனைந்திருக்கும்.

65 வெள்ளிக் கோட்டு ஒன்று வாங்கினேன். என் கணக்கில் ஒரு நாள் சம்பளம். மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் ஓடுகிறது. பழைய வழியில் வருஷத்துக்கு ஐந்து கோட்டு, 40 வெள்ளி. புது வழியில் வருஷத்துக்கு 22 வெள்ளிக்கும் குறைவு. நனைந்து காய்ச்சல் வந்து விடுப்பு எடுக்கும் நாளை இதில் சேர்க்கவே இல்லை.

கடையில் எப்படிப் பார்ப்பது? கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். தையல் ஓடும் இடமெல்லாம் ஒரு விரல் அகலத்தில் நாடா ஒட்டியிருக்க வேண்டும். நாடா இல்லையென்றால் அது எத்தனை வெள்ளியாக இருந்தாலும் எட்டு வெள்ளிக் கோட்டுதான். தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் அகலமான போர்வை மாதிரிக் கோட்டு மோட்டாருக்கு ஆகவே ஆகாது. காற்றில் பறந்து பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ மாட்டிக்கொள்ளும்.

அதே கடையில் இருநூறு வெள்ளிக்கும் கோட்டு தொங்கியது. நான் தொடவில்லை. எட்டிலிருந்து அறுபத்தைந்துக்குப் போனால் நனையாமல் வரலாம். அதற்கு மேல் இருநூறு கொடுத்தால் பையும் ஜிப்பும் கூடும், அவ்வளவுதான். அநேகமாக எல்லாச் சாமானிலும் இதே கதைதான். அடிமட்டத்திலிருந்து நடு விலைக்கு ஏறும்போது கிடைக்கும் லாபம், நடுவிலிருந்து உச்சிக்கு ஏறும்போது கிடைப்பதில்லை.

மின்சாரச் சாமானுக்கு இந்த வகுத்தலில் இன்னொரு வரி சேரும்: மாதாமாதம் பில்லில் போகும் காசு. கூரைக் காற்றாடியை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் காற்றாடி முழு வேகத்தில் 75 வாட் அளவில் இழுக்கும். டிசி மோட்டார் வைத்தது 30 வாட் அளவில் ஓடும். கூடத்தில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடுவதாக வைத்தால், வித்தியாசம் மாதம் சுமார் 19 யூனிட். யூனிட்டுக்கு 40 சென் என்று வசதிக்காக வைத்துக்கொண்டால் ஏழரை வெள்ளி. புதுவகைக் காற்றாடி 120 வெள்ளி கூட என்றால், பதினாறு மாதத்தில் அந்தக் காசு திரும்பிவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் அறைக்கு இதே காற்றாடி மாட்டினால் எப்போதும் திரும்பாது.

ஐஸ் பெட்டிக்குக் கணக்குப் போடுவது இன்னும் சுலபம், ஏனென்றால் அது இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர ஒட்டுத்தாள் பெட்டியின் கதவிலேயே இருக்கும். ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை. நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் படியுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிக்கு நடுவில் 100 யூனிட் வித்தியாசம் என்றால், மேலே சொன்ன கணக்கில் வருஷத்துக்கு 40 வெள்ளி, பத்து வருஷத்துக்கு 400. விலை வித்தியாசம் அதற்குள் இருந்தால் கூடக் கொடுக்கலாம்.

படி 3: கெட்டுப்போனால் யாருக்கு அடிபடும்?

மாப்பு உடைந்தால் தரை அழுக்காகும். ஹெல்மெட் உடைந்தால்? இந்தப் படியில் நாள் கணக்கு, வகுத்தல் எதுவும் கிடையாது. அடிபடுவது உடம்பு என்றால், பட்டியலில் வேறு எதையாவது அடித்துவிட்டு இதற்குக் காசு ஒதுக்குங்கள்.

ஹெல்மெட்டில் சிரிம் (தரச் சான்று நிறுவனம்) ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலையில் மாட்டி, வாரைப் பூட்டி, தலையை இடம் வலமாக வேகமாக ஆட்டுங்கள். ஹெல்மெட்டோடு கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைந்தால் அளவு சரி. ஹெல்மெட் தனியாகச் சுற்றினால் பெரிசு. ஒரு முறை விழுந்து பலமாக இடித்த ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும்தானே என்று திரும்பப் போடாதீர்கள். அடியை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் வெள்ளை நுரைதான். ஒருதரம் நசுங்கினால் அது மறுபடி எழும்பாது. இன்னொரு விஷயம், விலை உயர்ந்த ஹெல்மெட் என்றால் பாதி நேரம் படத்துக்கும் பெயருக்கும்தான் காசு. சிரிம் ஒட்டுத்தாளோடு தலைக்குப் பொருந்துகிற நடு விலை ஹெல்மெட்டில் குறையொன்றும் இல்லை. பிள்ளைக்கு அண்ணனின் பெரிய ஹெல்மெட்டை மாட்டிவிடுவதுதான் குறை.

டயரில் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 1825 என்றால் 2025-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்தது. மலிவு விலைக்குக் கிடைக்கும் ‘புது’ டயர் சில சமயம் கடையில் பல வருஷம் தூங்கியதாக இருக்கும். பட்டறையில் மாட்டுவதற்கு முன்னால் குனிந்து ஒரு முறை பாருங்கள். “என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?” என்று பட்டறைத் தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும். செம்மண் சடக்கிலிருந்து தார்ச் சாலைக்கு ஏறும் வளைவு மழையில் எப்படி வழுக்கும் என்று அவனுக்கும் தெரியும்.

அப்புறம் அடுப்படி. 14 கிலோ காஸ் தோம்பு அரசாங்க உதவி விலையில் 26 ரிங்கிட் 60 சென். அதை மாதம் தவறாமல் மாற்றுகிற நாம், குழாயை மாற்றுவதே இல்லை. நான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன், சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து. குழாயை வளைத்துப் பார்த்து, வளைவில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தால் இரண்டு வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பிளக், நீட்டு வயர், சார்ஜர் தலை எல்லாம் இதே வகைதான். பசார் மாலாமில் மூன்று வெள்ளிக்கு வாங்கிய சார்ஜர் தலை ஒருநாள் இரவு என் மகனின் மெத்தைப் பக்கத்தில் உருகிக் கிடந்தது. அன்றோடு அதை நிறுத்திவிட்டோம்.

படி 4: நம் ஊரில் பழுது பார்க்க ஆள் உண்டா?

கோலாலம்பூரில் இருக்கிறவர்கள் எழுதும் யோசனைகளில் இந்தப் படி இருக்காது. நம்மைப் போன்ற ஊருக்கு இதுதான் முக்கியம் என்பேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஈப்போவில் ஒரு பெரிய கடையில், முன்கதவு வைத்த துணி துவைக்கும் இயந்திரம் வாங்கினேன். விலை என் கணக்கில் இருபத்தேழு நாள் வேலை. துணி பூ மாதிரி வரும் என்றார்கள், வந்தது. இரண்டாம் வருஷம் ஓர் இடி மழைக்குப் பிறகு விளக்கு எரிந்தது, உருளை சுற்றவில்லை. உள்ளே மின்னணுப் பலகை போய்விட்டதாம். பலகை வர ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவின் பழைய இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் துவைத்தாள். அது பன்னிரண்டு வருஷப் பழசு. திருகும் குமிழ் இரண்டு, பெல்ட் ஒன்று, மோட்டார் ஒன்று. எது போனாலும் ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கும் பழுதுபார்ப்பவர் முப்பது வெள்ளியில் முடித்துக் கொடுத்துவிடுவார். “பெரிசா வாங்கி என்னடா தம்பி பண்ணுன?” என்று அக்கா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதனால், கூடக் காசு போடுவதற்கு முன்னால் நம் ஊர்ப் பழுதுபார்ப்பவரிடம் ஒரு நடை போய் மூன்று கேள்வி கேளுங்கள். இதை நீங்கள் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அடிக்கடி போவது எந்தப் பாகம்? அந்தப் பாகம் உங்கள் கையில் இருக்கிறதா, எங்கிருந்தாவது வர வேண்டுமா? விற்பனைக்காரர் சொல்லாததை அவர் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

மேலே புகழ்ந்த டிசி காற்றாடிக்கும் இது பொருந்தும். சாதாரணக் காற்றாடி மெதுவாகச் சுற்றினால், பல சமயம் கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றினால் போதும், சில வெள்ளியோடு முடியும். புதுவகையில் மின்னணுப் பலகை இருக்கிறது, நம் பக்கத்து இடிக்கு அது பயப்படும். கூடத்துக்கு மட்டும் அதை மாட்டி, மழை மின்னலில் சுவிட்சை அடைத்துவிடுகிறேன். அறைகளில் எல்லாம் பழைய வகைதான்.

குக்கருக்கும் மிக்சிக்கும் இந்தப் படியே போதும். இந்தியச் சாமான் கடையில் எந்தக் குக்கரின் ரப்பர் வளையமும் விசிலும் ஆணியில் தொங்குகிறதோ அந்தக் குக்கரை வாங்குங்கள். எவ்வளவு அழகான குக்கராக இருந்தாலும், வளையம் கிடைக்கவில்லை என்றால் இரண்டு வருஷத்தில் அது அரிசி அளக்கும் பாத்திரம். திருச்சிக்குப் போய்வரும்போது மிக்சி தூக்கி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே உருண்டை முள் பிளக், இங்கே சதுர முள். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, சரியான பியூஸ் வைத்த பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். உருண்டை முள்ளைக் குச்சி வைத்துத் திணித்து ஓட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். படி 3-ஐ மறுபடி படிக்கவும்.

படி 5: கையை இறுக்க வேண்டிய இடங்கள்

மேலே கூடப் போட்ட காசு இங்கிருந்துதான் வர வேண்டும்.

சீனியும் உப்பும் எந்தப் பையில் வந்தாலும் ஒன்றுதான். காய்ச்சலுக்குப் போடும் 500 மில்லிகிராம் பாராசிட்டமோல், பெயர்பெற்ற பெட்டியில் இருந்தாலும் சாதாரணப் பெட்டியில் இருந்தாலும் அதே மருந்துதான். பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் நம் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

பள்ளிச் சப்பாத்து. வெள்ளைக்குப் பதில் கறுப்புச் சப்பாத்து வந்த பிறகு வெள்ளை பூசும் ஞாயிற்றுக்கிழமை வேலை போனது பெரிய நிம்மதி. ஆனால் காலுக்குக் கறுப்பும் வெள்ளையும் ஒன்றுதான், அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும். ஆறு மாதத்தில் சிறுத்துவிடும் சப்பாத்துக்குப் பெயர் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். வளர்வது நின்ற பெரியவர்களின் வேலைச் சப்பாத்துக்குக் கொடுங்கள். அதுவும் இடத்தைப் பொறுத்தது. செம்பனைக் காட்டிலும் பால்மரக் காட்டிலும் ‘அடிடாஸ் கம்போங்’ என்று நாம் கிண்டலாகச் சொல்லும் அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்தைவிட விலை கூடியது எதுவும் நன்றாக உழைத்து நான் பார்த்ததில்லை. சேற்றில் பிடிக்கும், கழுவினால் ஒரு மணி நேரத்தில் காயும்.

கைப்பேசி உறை, அலங்காரச் சாமான், பிள்ளைகளின் பிறந்தநாள் உடுப்பு: மலிவாகவே வாங்குங்கள்.

படி 6: சாப்பாட்டுச் சாமானுக்கு முதலில் சின்னப் பொட்டலம்

அரிசியில் ஆளுக்கு ஆள் நாக்கு வேறு. பத்துக் கிலோ உள்ளூர் வெள்ளை அரிசி 26 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது எங்கள் வீட்டில் தினசரிச் சோற்றுக்கு அதுதான். 2023-இல் அது கடைகளில் காணாமல் போனபோது இறக்குமதி அரிசி வாங்கி, விலையைப் பார்த்து மலைத்தோம். ருசியில் பெரிய வித்தியாசம் தெரிந்ததா என்றால் இல்லை.

உளுந்தில் வித்தியாசம் தெரியும். பழைய உளுந்து எவ்வளவு நேரம் ஊறினாலும், ஆட்டும்போது பொங்காது. மாவு கல் மாதிரி அடியில் உட்காரும், இட்லியை எறிந்தால் நாய் ஓடும். கிலோவுக்கு இரண்டு மூன்று வெள்ளி கூடக் கொடுத்துப் புது உளுந்து வாங்கினால் அளவும் குறைவாகப் பிடிக்கும். என் மனைவி புதுக் கடையில் எதையும் முதலில் இருநூறு கிராம்தான் வாங்குவாள். ஒரு கைப்பிடியை ஊறவைத்து, ஆட்டி, ஒரு துளி மாவைத் தண்ணீர் மங்கில் போட்டுப் பார்ப்பாள். மிதந்தால் மறுநாள் இரண்டு கிலோ. மூழ்கினால் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை.

மிளகாய்த் தூளும் அப்படித்தான். காய்ந்த மிளகாயும் மல்லியும் வாங்கி, வெயிலில் போட்டு, மில்லில் அரைத்தால் பொட்டலத் தூளைவிட விலையில் ஒன்றும் பெரிதாகக் கூடாது, அரை நாள் வேலைதான் கூடும். பொரிக்கிற எண்ணெய்க்கு இரண்டரை வெள்ளி ஒரு கிலோப் பொட்டலம் போதும், பெரிய போத்தலில் வருவதும் பெரும்பாலும் அதே செம்பனை எண்ணெய்தான். நல்லெண்ணெய் வாங்கினால் மட்டும் பின்பக்கம் திருப்பி, வேறு எண்ணெய் கலந்ததா என்று படியுங்கள்.

படி 7: கூடக் கொடுப்பதென்றால் கைக்காசில் கொடுங்கள்

நல்ல சாமானைத் தவணையில் வாங்கினால் மேலே போட்ட கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். 1,500 வெள்ளி ஐஸ் பெட்டி, மாதம் 68 வெள்ளி, 36 மாதம் என்று ஒரு கடைப் பலகை சொல்வதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 2,448. கூடப் போகும் 948 வெள்ளி, நம் அளவுகோலில் பதினான்கரை நாள் வேலை. பலகையில் 68 மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். பெருக்கிப் பார்க்கும் வேலை நம்முடையது.

வேறு வழி இல்லாதபோது, பழுதுபார்ப்பவரிடமே கிடைக்கும் பழைய பெட்டியை முன்னூறுக்கு வாங்கி ஒரு வருஷம் ஓட்டுங்கள். அந்த வருஷம் முழுக்க, கட்டியிருக்க வேண்டிய தவணையை மைலோ டின்னில் போடுங்கள். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்ப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல் நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் அப்படிச் சேர்த்துத்தான் தோட்டமே வாங்கினார். நமக்கு ஓர் ஐஸ் பெட்டிதானே.

படி 8: ரசீது

கூடக் காசு கொடுத்த சாமானின் ரசீதை அன்றே படம் பிடித்துவிடுங்கள். இப்போது வரும் ரசீதுத் தாள் ஆறு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்ததா என்று கடையை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். நான் அந்தத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இதைப் பார்க்கவில்லை. அட்டையில் தேதி இல்லை என்று பலகைக்குப் பாதி விலை வாங்கிவிட்டார்கள்.

சாமான் சரியில்லை, கடை கையை விரிக்கிறது என்றால் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ‘திரிபுனல் துந்துதான் பெங்குனா’ என்ற பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். மனு எழுதத் தெரியவில்லை என்றால் 1969 முதல் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்கலாம். மனுவோடு ரசீதுப் படம், உத்தரவாத அட்டை, கடைக்காரரோடு பேசிய கைப்பேசிச் செய்தி மூன்றையும் அச்செடுத்து வையுங்கள். தாமானில் அச்செடுக்கும் கடையில் பக்கத்துக்கு முப்பது காசு. அதற்குப் பேரம் பேச வேண்டாம்.